உலகம்மையின் வரிசை

வண்டி கிளம்பிவிட்டது என்று சிகிச்சை இல்லத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள், இன்னும் ஒரு மணி நேரத்தில் உங்கள் மனைவி வீட்டில் இருப்பார், வாசலில் வண்டி நிற்க இடம் விட்டு வையுங்கள் என்றாள், நான் சரி சரி என்று சொல்லி வைத்துவிட்டு, படுக்கை விரிப்பைச் சரிசெய்யப் போகாமல், குளியலறையில் புதிதாகப் பொருத்திய கைப்பிடியை இன்னொரு தடவை இழுத்துப் பார்க்கப் போகாமல், நேரே கொல்லைப்புறத்துக்கு வந்து இந்த வெறும் மண்ணின் முன்னால் நிற்கிறேன். மேற்குச் சுவரை ஒட்டி நீளமாகக் கிடக்கிறது உலகம்மையின் வரிசை. இந்நேரம் இதில் சாண் உயரத்துக்கு ப்ரோக்கோலிச் செடிகள் நிற்க வேண்டும். ஒன்றும் இல்லை. சொட்டுநீர்க் குழாய் மட்டும் வெயிலில் வெளுத்துக் கிடக்கிறது. காலடியில் நர்சரியில் நேற்று வாங்கிவந்த தட்டு, அதில் ஒரே உயரம், ஒரே பச்சை, எண்ணி வைத்த மாதிரி நாலு நாலு இலை, சீருடை போட்டு வரிசையில் நிற்கும் பிள்ளைகள் மாதிரி நாற்றுகள். நடலாமா, வேண்டாமா. பீனிக்ஸில், இந்த அமெரிக்கப் பாலைவன ஊரில், செப்டம்பர் பாதியில் ப்ரோக்கோலி நடுகிறவர் ஒன்று ஊருக்குப் புதிதாக வந்தவராக இருக்க வேண்டும், இல்லை என் மனைவியாக இருக்க வேண்டும். அக்டோபர் பிறக்கட்டும், ராத்திரிச் சூடு இறங்கட்டும், மண் ஆறட்டும் என்று வருஷா வருஷம் சொன்னவன் நான். இப்போது மண்வெட்டியோடு நிற்பவனும் நான்தான். காலை பத்து மணிக்கே சுவரிலிருந்து அனல் அடிக்கிறது. கழுத்தில் வேர்வை வந்த வேகத்தில் காய்கிறது, உப்பு மட்டும் மிஞ்சுகிறது. வண்டி எந்தச் சாலையில் வரும், பெரிய சாலை என்றால் சீக்கிரம் வந்துவிடும். அவளை முன்பக்கம் உட்கார வைத்திருப்பார்களா, பின்பக்கம் நாற்காலியோடு கட்டி வைத்திருப்பார்களா. இருபது வருஷம் பஸ் ஓட்டியவளைப் பின்பக்கம் கட்டிக் கொண்டுவருவார்கள். நடுவோம். முதல் குழியைத் தோண்டிவிட்டால் பிறகு யோசிக்க வேண்டியிருக்காது.

தோண்டினால் யோசனை நிற்கும் என்று யார் சொன்னது, தோண்டத் தோண்டத்தான் வருகிறது. இந்த மண் இப்படி மண்வெட்டிக்கு இளகிக் கொடுக்கும் மண்ணே இல்லை. வீடு வாங்கிய வருஷம் இங்கே சரளைக் கல்லும் ஒரு எலுமிச்சையும் தவிர வேறு எதுவும் கிடையாது. சரளையை அள்ளிப் போட்டுவிட்டுத் தோண்டினால் ஒரு முழத்துக்குக் கீழே வெள்ளை வெளேரென்று சுண்ணாம்புப் பாறை, காரை பூசிய தளம் மாதிரி. தண்ணீரை ஊற்றினோம், மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் ஊற்றினபடியே நின்றது, ஒரு சிட்டுக்குருவி குளித்துக்கொண்டிருந்தது. உலகு சிரித்த சிரிப்பு. நான் கணினிச் சில்லுத் தொழிற்சாலையில் தூசு படாத அறையில் வெள்ளை அங்கி போட்டு வேலை பார்த்தவன், என் வாழ்க்கையில் கடப்பாரையைத் தொட்டதில்லை, அவள்தான் கடையில் தேடி ஒரு இரும்புக் கடப்பாரை வாங்கிவந்து என் கையில் கொடுத்தாள். சனிக்கிழமைதோறும் உடைத்தோம். நான் நாலு இடி இடித்துவிட்டு மூச்சு வாங்குவேன், அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, இல்லை, அப்போதே சேலை போய்விட்டது, என் பழைய கால்சட்டை, இடுப்பில் கயிறு போட்டுக் கட்டியிருப்பாள், அவள் இடிப்பாள். எங்கள் மகள் சங்கரி அப்போது சின்னப்பிள்ளை, உடைந்த வெள்ளைக் கல்லையெல்லாம் பொறுக்கிச் சுவரோரம் அடுக்குவாள். குதிரைப் பண்ணையிலிருந்து எரு வந்தது. அந்த மார்ச்சில் கடையில் விதைப் பொட்டலம் வாங்கினோம், பின்னால் படித்துப் பார்த்தேன், வசந்தத்தின் தொடக்கத்தில் விதைக்கவும் என்று போட்டிருந்தது, மார்ச் வசந்தம்தானே, விதைத்தோம். எந்த ஊர் வசந்தம் என்று பொட்டலம் சொல்லவில்லை. ஏப்ரலில் இலை நன்றாகத்தான் வந்தது. ஏப்ரல் கடைசியில் நடுவில் கோலிக்குண்டு அளவுக்கு ஒரு மொட்டு. அடுத்த வாரம் பெரிதாகும் என்று காத்திருந்தோம், அடுத்த வாரம் வெயில் நூறு டிகிரியைத் தாண்டிவிட்டது, ஒரே நாளில் மொட்டு விரிந்து நெடுக வளர்ந்து மஞ்சள் மஞ்சளாகப் பூத்துவிட்டது, கடுகுப் பூ மாதிரி. இரண்டு பேருக்கும் ப்ரோக்கோலி எப்படி விளையும் என்று தெரியாது. அதுதான் விளைச்சல் என்று நினைத்துக்கொண்டு உலகு பூவோடு சேர்த்துக் கிள்ளித் தேங்காய் போட்டுப் பொரியல் வைத்தாள். கசப்பு. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தின்று முடித்தோம். ஒரு கொத்துப் பூவை சங்கரி தலையில் செருகிப் பள்ளிக்கு அனுப்பினாள். அந்தப் பூவின் மஞ்சளை இப்போதும் கண்ணை மூடினால் பார்க்க முடிகிறது, இந்த வீட்டில் அப்போது இருந்த கம்பளத்தின் நிறம் மட்டும் எவ்வளவு யோசித்தாலும் வர மாட்டேன் என்கிறது. உலகைக் கேட்டால் சொல்வாள். கேட்டால் சொல்வாளா.

இரண்டு குழி ஆயிற்று. கட்டைவிரலால் வேர்க்கட்டியை நெகிழ்த்தி உள்ளே வைத்து மண்ணை அமுக்குகிறேன். மண்ணுக்குள் விரல் சுடுகிறது, சுடுசோற்றைப் பிசைவது மாதிரி. சுட்டால் நடக்கூடாது என்பது என் கட்சி. அவள் கட்சி வேறு. இங்கே குளிர்காலம்தான் விளைகிற காலம், வெயில் முடிந்து நட்டுப் பனி முடிவதற்குள் அறுத்துவிட வேண்டும் என்பது வரைக்கும் இரண்டு பேரும் ஒன்றாகவே கற்றுக்கொண்டோம், அதற்கு எங்களுக்கு மூன்று வருஷம் ஆயிற்று. வெயில் எப்போது முடிகிறது என்பதில்தான் தகராறு. அவளுக்குப் பள்ளிக்கூடம் திறந்து மூன்றாவது வாரம் ஆகிவிட்டால் வெயில் முடிந்த கணக்கு. ஆகஸ்ட் பிறக்கும்போதே பள்ளி திறந்துவிடும், அவள் மஞ்சள் பஸ்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள், அந்த பஸ் ஒரு தகரப் பெட்டி, பிள்ளைகளையெல்லாம் இறக்கிவிட்டுத் திரும்பும்போது முதுகெல்லாம் நனைந்து வருவாள். வந்ததும் வீட்டுக்குள் வர மாட்டாள், சப்பாத்தோடு நேரே இங்கே வந்து குனிந்து மண்ணைத் தொட்டுப் பார்ப்பாள். ஆறிட்டு, நட்டுருவமா என்பாள். நான் மண்ணில் குத்திவைத்த வெப்பமானியைக் காட்டுவேன். உங்க ஆணியை நீங்களே வச்சுக்கிடுங்க என்பாள். கிறிஸ்மஸ் விடுமுறைக்கு முதல் பூ, காலிஃப்ளவர் மாதிரி விரியாமல் திரண்ட பச்சைப் பூ, அறுக்க வேண்டும், அது ஒன்றுதான் அவளுக்கு, பிள்ளை வீட்டில் இருக்கும்போது அறுக்க வேண்டும். பிள்ளை ப்ரோக்கோலியைத் தொடவே மாட்டாள், தட்டிலிருந்து எடுத்து ஒளித்துக் கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டில் வளர்த்த ஆமைக்குப் போட்டுவிடுவாள், அது வேறு விஷயம். கடைசியில் இரண்டு வரிசை என்று முடிவாயிற்று. சுவரோரம் மத்தியானத்துக்கு மேல் கொஞ்சம் நிழல் விழும், அது அவளுக்கு, ஆகஸ்டில் நடுவதற்கு. நடுவில் திறந்த வெளி எனக்கு, அக்டோபரில் நடுவதற்கு. சில வருஷம் அவள் வரிசை மொத்தமும் கருகிவிடும், அவள் மறுபடியும் விதை போடுவாள், நான் வேண்டுமென்றே வெப்பமானியைத் துடைத்துக்கொண்டிருப்பேன். சில வருஷம் செப்டம்பரில் மழை வந்து குளிர்ந்துவிடும், டிசம்பரில் அவள் வரிசையில் கை விரித்த அளவுக்குப் பூ, என் வரிசையில் வெறும் இலை. அப்போது ஒரு பூவை அறுத்து என் சாப்பாட்டுத் தட்டில் சமைக்காமல் முழுசாக வைத்துவிட்டுப் போவாள். நாங்கள் பெரிதாகச் சண்டை போட்டது வேறு எதற்கும் இல்லை. எல்லாச் சண்டையையும் இதற்குள்ளேயே போட்டுக்கொண்டோம் போலிருக்கிறது.

பைக்குள் போன் அதிர்கிறது, மண் கையோடு எடுக்கிறேன், சங்கரி. வடக்கே பனி கொட்டும் மினியாபோலிஸில் இருக்கிறாள், அம்மா பக்கவாதத்தில் விழுந்தபோது வந்து ஒரு மாதம் இருந்துவிட்டுப் போனாள், அவளுக்கும் வேலை இருக்கிறதே. அம்மா வந்தாச்சா என்று கேட்டாள், இல்லை என்றேன், உங்களுக்கு மூச்சு வாங்குது, என்ன பண்றீங்க என்று கேட்டாள், சும்மா தோட்டத்தில் என்றேன். இந்த வருஷம் தோட்டத்தை விட்டுருங்கப்பா, அம்மாவைப் பாத்துக்கிறதே பெரிய வேலை என்றாள். பேசாமல் இரண்டு பேரும் இங்கே வந்துவிடுங்கள், கீழ்த்தளத்து அறை காலியாகத்தான் இருக்கிறது என்று மறுபடியும் சொன்னாள். நல்ல பிள்ளை. அங்கே ப்ரோக்கோலி எப்போது நடுவார்கள் என்று கேட்டேன். மே மாதம் என்று நினைக்கிறேன் என்றாள். மே மாதம். இங்கே மே மாதம் ப்ரோக்கோலி பூத்து விதையாகி மக்கிப் போயிருக்கும். வருஷத்தையே தலைகீழாகத் திருப்பி வைத்துக்கொண்டு இந்த வயதில் எப்படி வாழ்வது. அம்மா ஏதாவது பேசினாளா என்றாள். திங்கக்கிழமைதான் என்றேன். சரிப்பா என்றாள், வைத்துவிட்டாள். அந்த ஒரு சொல்தான் உலகிடம் மிஞ்சியிருக்கிறது. தண்ணீர் வேண்டும் என்றாலும் திங்கக்கிழமை, வலிக்கிறது என்றாலும் திங்கக்கிழமை, நான் அறைக்குள் நுழைந்தால் திங்கக்கிழமை, கிளம்பினால் திங்கக்கிழமை. அவளுக்குள் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, வெளியே எடுத்து வரும் வழிதான் அடைபட்டிருக்கிறது என்று டாக்டர் படம் போட்டுக் காட்டினார், திறக்கலாம், திறக்காமலும் போகலாம் என்றார். ஜூலை கடைசியில் அன்று காலையில் சமையலறை ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தாள். தயிர் டப்பாக்களில் மண் நிரப்பி ப்ரோக்கோலி விதை போட்டு வைத்திருந்தாள், ஒவ்வொரு டப்பாவுக்கும் கரண்டியால் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள், கரண்டி விழுந்த சத்தம் கேட்டது. என்ன என்றேன். திங்கக்கிழமை என்றாள். நான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் இன்னைக்கு வியாழன் என்று திருத்தினேன். அதற்குப் பிறகு அவள் சாய்ந்த சத்தம். வேண்டாம், அதை இப்போது நினைக்க வேண்டாம், நாலாவது குழி.

விதை முளைத்துவிட்டது, அதுதான் வேடிக்கை. அவள் ஆஸ்பத்திரியில் குழாய்களோடு கிடந்தாள், ஜன்னலில் டப்பாவுக்கு இரண்டு இரண்டாக இதய வடிவ இலை விட்டது. போனில் படம் எடுத்துக்கொண்டுபோய்க் காட்டினேன், இடது கையால் திரையைத் தடவினாள், தடவியதில் படம் தள்ளிப்போய் வேறு ஏதோ வந்துவிட்டது. அவள் வலது கை கடைசியாகச் செய்த வேலை அந்த விதைகளுக்குத் தண்ணீர் விட்டதுதான். பள்ளி திறந்தது, மூன்றாவது வாரம் வந்தது. என்னோடு சண்டை போட ஆள் இல்லை. அவள் கட்சியைப் பேச அவள் இல்லாத இடத்தில் என் கட்சி மட்டும் ஜெயிப்பது எனக்குச் சகிக்கவில்லை, வேறு என்ன சொல்வது. வெப்பமானியைப் பார்க்காமல் அவள் நாளிலேயே நட்டேன். நிழல்வலை கட்டினேன். சாக்கு நனைத்துப் போட்டேன். மத்தியானத்தில் குளிர்பெட்டியிலிருந்து ஐஸ் கட்டி எடுத்துவந்து ஒவ்வொரு தூரிலும் வைத்தேன், பார்த்துக்கொண்டிருக்கும்போதே உருகியது, கையை எடுப்பதற்குள் அந்த ஈரமும் போய்விட்டது. அந்த வாரம் வெயில் நூற்றுப் பதினைந்து. ஒவ்வொன்றாகத் தலை சாய்ந்தது. சுவரோரக் கடைசிச் செடி ஒன்று மட்டும் நாலைந்து நாள் கூடுதலாக நின்றது, அதைப் பார்ப்பதற்காகவே சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து ஓடிவந்தேன், அதுவும் ஒரு நாள் காகிதம் மாதிரி ஆகிவிட்டது, தொட்டால் நொறுங்கியது. அவளிடம் சொல்லவில்லை. அவள் கேட்கவும் முடியாதே. கேட்க முடியாதவளிடம் ஒரு விஷயத்தை மறைப்பது எவ்வளவு சுலபம் என்று தெரிந்தபோது எனக்குப் பயமாக இருந்தது. இனி மின்சாரக் கட்டணம் முதல் என் நெஞ்சுவலி வரைக்கும் எதை வேண்டுமானாலும் அவளிடம் மறைக்கலாம், நான் ஒருவனே பேசி நானே பதில் சொல்லிக்கொண்டு இந்த வீட்டில் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் ஓட்டலாம்.

அதனால்தான் நேற்று நர்சரிக்குப் போனேன், அதனால் என்று சொல்வதா, அதற்கு நேர் எதிராக என்று சொல்வதா, மறைப்பதற்குத்தானே வாங்கிவந்திருக்கிறேன். உன் டப்பா நாற்றுதான் உலகு, நீ சொன்ன நாளில் நட்டேன், பார், நிற்கிறது. காலையிலிருந்து இதை வாய்க்குள் சொல்லிப் பார்க்கிறேன். அவள் சந்தோஷப்படுவாள். நாக்குத் திரும்புவதற்குச் சந்தோஷம் உதவும் என்று எங்காவது எழுதியிருப்பார்கள். ஏழாவது குழி. முட்டி வலிக்கிறது. ஒரு ஜனவரி, பயங்கரப் பனி விழப்போகிறது என்று செய்தியில் சொன்னார்கள், இரண்டு வரிசையும் பூ முற்றி நின்றது, போர்த்துவதற்கு வீட்டில் துணி போதவில்லை, படுக்கை விரிப்பு, துண்டு, சங்கரியின் குளிர்மேலாடை, கடைசியாக என் கல்யாண வேட்டி, எல்லாவற்றையும் கொண்டுவந்து போர்த்தினோம், என் வேட்டியை அவள் வரிசையில்தான் போர்த்தினாள். விடிந்து வந்து பார்த்தால் வேட்டி அட்டை மாதிரி விறைத்து நின்றது, அப்படியே தூக்கி நிறுத்தினாள், ஆள் இல்லாத வேட்டி தனியாக நின்றது, உள்ளே செடி பச்சையாக இருந்தது. அந்த வாரம் அறுத்த பூவுக்கு இருந்த இனிப்பு பிறகு வரவே இல்லை. பனி பட்டால் இனிக்கும் என்று பிறகு தெரிந்துகொண்டோம். புளிக்குழம்பில் போட்டோம், பாசிப்பருப்போடு கூட்டு வைத்தோம், தின்று முடியாமல் அவள் பை பையாகக் கட்டிக்கொண்டுபோய் பஸ்ஸிலிருந்து இறங்கும் பிள்ளைகள் கையில் ஆளுக்கொன்று கொடுத்தாள், மிஸ் உல்லா என்றுதான் அவளைக் கூப்பிடுவார்கள், ஒரு தாய் மறுநாள் பஸ் நிறுத்தத்துக்கே வந்து இது எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்டாளாம். அதைச் சொல்லும்போது அவள் முகம். எவ்வளவு நல்ல குளிராக இருந்தது அப்போது. குளிர் என்று ஒன்று இந்த ஊரில் மறுபடியும் வரும் என்று இப்போது நம்பவே முடியவில்லை, செப்டம்பரில் எப்போதுமே நம்ப முடிவதில்லை, ஆனாலும் வந்திருக்கிறது. தட்டில் இன்னும் இரண்டு பாக்கி. நட்டவை எல்லாம் அதற்குள் தளர்ந்துவிட்டன, இலையை மடித்துக்கொண்டு தரையோடு குனிகின்றன, தண்ணீர் விட வேண்டும், குழாய் எங்கே, வாசல் பக்கம் பின்னோக்கி வரும் வண்டியின் டிங் டிங் சத்தம்.

அதற்குள்ளாகவா. கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு ஓடினேன். டிரைவர் பெரிய உருவம், கர்ட்டிஸ் என்று சட்டையில் பெயர் தைத்திருந்தது, பின்கதவைத் திறந்து இரும்புத் தட்டை மெதுவாக இறக்கினான், நாற்காலியோடு உலகு இறங்கி வந்தாள். முடியை யாரோ ஒரு பக்கமாகப் பின்னிவிட்டிருந்தார்கள். வலது கை மடியில் யாருடைய கையோ மாதிரி இருந்தது. கண் மட்டும் வீட்டை, எலுமிச்சையை, என்னை, என் கையில் இருந்த மண்ணைப் பார்த்தது. மண்ணில்தான் நின்றது. நான் வாசல் சரிவுப் பலகைப் பக்கம் நாற்காலியைத் திருப்பினேன், அவள் இடது கையால் நாற்காலிப் பிடியைத் தட்டினாள், பக்கவாட்டுக் கதவைக் காட்டினாள். முதலில் உள்ளே போய்த் தண்ணி குடி, வெயில் என்றேன். மறுபடியும் தட்டினாள். கர்ட்டிஸ் சிரித்துக்கொண்டே, அம்மா வழி நெடுக எனக்கு எங்கே திரும்ப வேண்டும் என்று கை காட்டிக்கொண்டே வந்தார், ஒரு இடத்தில்கூடத் தப்பில்லை என்று சொல்லிவிட்டுப் போனான். சரளையில் சக்கரம் புதைந்தது. நான் பின்பக்கமாகத் திருப்பி இழுத்துக்கொண்டே வந்தேன், அவள் முகம் எனக்குத் தெரியவில்லை, மூச்சு மட்டும் கேட்டது. வரிசைக்கு முன்னால் நிறுத்தித் திருப்பினேன். துவண்டு கிடந்தன எல்லாம், ஒரே உயரம், ஒரே பச்சை. நான் சொல்லி வைத்ததைச் சொல்ல ஆரம்பித்தேன், உன் டப்பா நாற்று உலகு, என்றேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. வரிசையை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரைக்கும் பார்த்தாள், தட்டில் மிஞ்சிய இரண்டைப் பார்த்தாள், வாயைத் திறந்தாள், நாக்கு உள்ளே எங்கோ போய்த் தேடியது, உதடு ஒரு பக்கம் கோணியது, கழுத்து நரம்பு புடைத்தது. நான் அவளுக்குச் சொல் எடுத்துக் கொடுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். எடுத்துக் கொடுக்காமல் நிற்பது, பஸ் பள்ளத்தில் உருளும்போது சும்மா நிற்பது மாதிரி இருந்தது. நின்றேன்.

“செத்து,” என்றாள். நெடுநேரம் கழித்து, “போச்சா,” என்றாள்.

முழங்காலில் உட்கார்ந்துவிட்டேன். சரளை குத்தியது. இத்தனை வருஷத்தில் அவள் சொல்லி நான் கேட்ட எதுவும் இதற்கு ஈடாகாது. கேட்டாள், என்னைக் கேள்வி கேட்டாள். “ஆமா உலகு,” என்றேன். “உன் நாளிலதான் நட்டேன். ஒண்ணுகூடத் தங்கல. இது கடையில வாங்குனது.” என்ன சொல்கிறோம் என்று தெரியாமல் மூக்கு ஒழுகச் சிரித்துக்கொண்டு, எல்லாம் செத்துப் போச்சு, எல்லாம் செத்துப் போச்சு என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன், இன்னொரு தடவை அவள் அதைக் கேட்க மாட்டாளா என்று. அவள் கேட்கவில்லை. பைத்தியக்காரனைப் பார்ப்பது மாதிரி என்னைப் பார்த்துவிட்டு, துவண்டு கிடந்த செடிகளைக் காட்டி, சுவரோரம் சுருண்டு கிடந்த ரப்பர் குழாயைக் காட்டி, சீக்கிரம் திற என்று இடது கையை வேகமாக ஆட்டினாள்.